கடைசி அரை அங்குலம்



விற்க மனமில்லாமல் பழைய கார்களை வைத்துக் காப்பாற்றிவரும் அன்பர்களே, கிரீஸ் படிந்த கையோடு வாழ்நாளைப் பட்டறையில் கழித்த பெரியவர்களே, ஐ.டி.ஐ.யிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வேலை. பழைய கார் ஒன்றில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஏற்றும் வேலை.

கார் கண்காட்சிக்குப் போகிறோம். எதைப் பார்க்கிறோம்? பெயிண்டைப் பார்க்கிறோம். குரோமியம் மின்னுவதைப் பார்க்கிறோம். சீட் தைத்திருக்கும் அழகைப் பார்க்கிறோம். என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்கிற இடத்தை யார் பார்க்கிறார்கள்? குனிந்து பார்த்தாலும் தெரியாத இடம் அது. ஆனால், அந்தக் கார் இன்னும் இருபது வருடம் ஓடுமா, இரண்டு மாதத்தில் மறுபடி பட்டறைக்கு வருமா என்பதை முடிவு செய்வது அந்த இடம்தான். என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றையொன்று நெருங்கி, இன்னும் அரை அங்குலம்தான் இடைவெளி என்று வரும்போது மெக்கானிக் என்ன செய்கிறார்? பொறுமையாக இருக்கிறாரா, போல்ட்டைப் போட்டு இழுக்கிறாரா? என் பேச்சு முழுவதும் அந்த அரை அங்குலத்தைச் சுற்றித்தான்.

எந்தக் காரை எடுத்துக்கொண்டு பேசுவது? அம்பாசடர் இருக்கிறது, பத்மினி இருக்கிறது. இரண்டுமே நல்ல வண்டிகள். ஆனால் நான் ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்கிறேன். ஏன் என்றால், அது நம் ஊர்க்காரர்கள் கையால் பூட்டப்பட்ட கார். 1948-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம், ஜி.எஸ்.டி. சாலையில் ஆலை வைத்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்து வந்த பாகங்களில் தொடங்கி, முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் என்று வரிசையாகக் கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1961-இல் ஹெரால்டு வந்தது. நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. 1968-இல் இங்கேதான் அதைச் செய்தார்கள். இத்தாலியின் தூரின் நகரத்து மிக்கெலோட்டி வரைந்த உருவத்துக்குப் பின்கதவு வைத்தவர்கள் சென்னைக்காரர்கள்! இதைச் சொல்ல நாம் ஏன் தயங்க வேண்டும்?

இந்தக் காரின் அமைப்புக்கு ஒரு காரணக் கதை உண்டு. 1950-களில் எல்லாரும் சேசிஸும் பாடியும் ஒன்றான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை அடித்துத் தர ஆள் இல்லை. அதனால் தனி சேசிஸ் ஒன்றைச் செய்து, பாடியைத் துண்டு துண்டாக வாங்கி, அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அது வெளியானது. வேறு வழியில்லாமல் எடுத்த அந்த முடிவு, கடல் கடந்து பெட்டியில் வந்து சென்னையில் பூட்டப்படுவதற்கு எவ்வளவு தோதாக அமைந்துவிட்டது பாருங்கள்! இன்றைக்கு நம்மைப் போன்றவர்கள் அதைக் கழற்றிப் பூட்டுவதற்கும் அதே அமைப்புதான் துணை.

ஹெரால்டின் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் சாயும். திறந்துவிட்டால் என்ஜின் மட்டுமா தெரிகிறது? முன் சக்கரம், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ராக் எல்லாமே கைக்கு எட்டும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கியர்பாக்ஸ் மேல் மூடியிருக்கும் டனல் கவரை காருக்குள்ளிருந்தே கழற்றலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் காரைச் செய்தவர்கள், பழுது பார்ப்பவனின் முதுகையும் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். என்ஜின் தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். போர் பார்த்தாயிற்று, பிஸ்டன் போட்டாயிற்று, ஹெட் உட்கார்ந்துவிட்டது. காரின் சொந்தக்காரர் போன் மேல் போன் போடுகிறார். உடனே ஏற்றிவிடலாமா?

கூடாது. ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது.

இந்த 948 சி.சி. என்ஜினில் கிராங்க் ஷாஃப்டை மூன்று மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை எவை? பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் செருகப்பட்ட, பிறை வடிவத்தில் இருக்கும் இரண்டு மெல்லிய திரஸ்ட் வாஷர்கள். அவ்வளவுதான். அவற்றைப் பிடித்து நிறுத்த ஆணி கிடையாது, போல்ட் கிடையாது. இடமே அவற்றைப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு முறை நாம் கிளட்சை மிதிக்கும்போதும் கிராங்க் முன்னால் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலை பின்பக்க வாஷர் வாங்கிக்கொள்கிறது. சிக்னலில் நியூட்ரல் போடாமல் கிளட்சை மிதித்தபடியே நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். அத்தனை நேரமும் அந்த வாஷர் தேய்கிறது. தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் வழுக்கி ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும். விழுந்த பிறகு? கிராங்கின் எஃகு, பிளாக்கின் வார்ப்பிரும்பை நேராக அரைக்கும். சத்தம் கேட்டு நாம் நிறுத்துவதற்குள் பிளாக் வீணாகியிருக்கும்.

இரண்டு சின்ன வாஷர்! அவற்றைப் பார்க்காமல் விட்டால், போர் பார்த்த செலவும் பிஸ்டன் செலவும் போச்சு.

அதனால் என்ஜின் மேசையில் இருக்கும்போதே டயல் கேஜை வைத்து, கிராங்கை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். ஆட்டம் 4 தௌவிலிருந்து 8 தௌவுக்குள், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்குக்குள், இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 0.1 முதல் 0.2 வரை. அதிகமிருந்தால் ஓவர்சைஸ் வாஷர் போட வேண்டும். போடும்போது காடி வெட்டிய பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எஃகு முதுகு கிராங்கில் உரசும். கார் கையில் இருக்கிறவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம்: ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்கட்டும், இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னால் வந்து போனால், அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

பின் முனையில் இன்னொரு சங்கதி. இன்றைய கார்களில் இருப்பதுபோல் அங்கே ரப்பர் சீல் கிடையாது. கிராங்கிலேயே மரை போல வரி வெட்டி, வெளியே வரும் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் ஏற்பாடு. அதைச் சுற்றி இருக்கும் அலுமினிய வளையம் சரி நடுவில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் ஒட்டினால் உரசும், மறுபக்கம் ஒழுகும். ஒழுகினால் எண்ணெய் எங்கே போகும்? கிளட்ச் பிளேட்டுக்குத்தான். ஃபீலர் கேஜை வைத்துச் சுற்றிலும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு போல்ட்டை இறுக்குங்கள்.

இப்போது ஃபிளைவீல், அதன் நடுவே கிராங்கின் முனையில் ஒரு சிறிய வெண்கல புஷ். பைலட் புஷ் என்போம். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனி அதில்தான் போய் உட்கார வேண்டும். விரல் அளவுகூட இல்லாத பொருள். பழையதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் சிலர் உளியால் வெட்டுகிறார்கள். ஐயோ, வேண்டாம்! பெரியவர்கள் ஒரு வழி சொல்லிவைத்திருக்கிறார்கள். புஷ்ஷுக்குள் கிரீஸை நிறைய அடையுங்கள். துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பி ஒன்றை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. கிரீஸுக்குப் போக வேறு வழியில்லை. புஷ்ஷின் முதுகுப் பக்கம் போய் அதை வெளியே தள்ளிவிடும். இன்னும் கொஞ்சம் கிரீஸ், இன்னொரு தட்டு. காயமில்லாமல் கையில் வந்துவிடும். புதிய புஷ்ஷை முதல்நாள் இரவே எண்ணெயில் ஊறப்போடுங்கள். அந்த வெண்கலம் நுண்துளைகள் உள்ளது, எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு பிற்பாடு கொடுக்கும்.

அடுத்தது கிளட்ச் பிளேட். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. மாற்றிப் போட்டால் நடுக்குமிழ் ஃபிளைவீலில் முட்டும், கிளட்ச் பிரியாது, ஏற்றியதை மறுபடி இறக்க வேண்டியதுதான். பிரஷர் பிளேட்டை இறுக்கும் முன்பு பிளேட் சரி நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். எப்படிப் பார்ப்பது? கண் அளவு போதாது. பழைய கியர்பாக்ஸ் ஒன்றின் முன் ஷாஃப்டை வைத்துக்கொள்ளுங்கள். ஹெரால்டு வேலை செய்யும் எந்தப் பட்டறையிலும் அந்த டம்மி ஷாஃப்ட் சுவரில் தொங்க வேண்டும். அதைப் பிளேட்டுக்குள் விட்டு, நுனி பைலட் புஷ்ஷில் போய் நிற்கட்டும். அதன் பிறகு பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஷாஃப்டை உருவினால் தடையில்லாமல் வர வேண்டும், திரும்ப விட்டால் தடையில்லாமல் போக வேண்டும்.

அன்பர்களே, இப்போதுதான் நாம் அந்த அரை அங்குலத்துக்கு வந்திருக்கிறோம்.

கியர்பாக்ஸைத் தரையிலேயே என்ஜினோடு சேர்த்து, இரண்டையும் ஒன்றாக ஏற்றுவதா? இல்லை, என்ஜினை மட்டும் ஏற்றிவிட்டு கியர்பாக்ஸை காருக்குள்ளிருந்து சேர்ப்பதா? ஹெரால்டில் இரண்டும் முடியும். சீட்டைக் கழற்றி, டனல் கவரை எடுத்துவிட்டால் கியர்பாக்ஸை உள்ளிருந்தே பூட்டலாம். பின்னால் கியர்பாக்ஸ் மட்டும் பழுதானால் அது பெரிய வரம். ஆனால் இரண்டும் வெளியே இருக்கிறபோது தரையில் சேர்ப்பதே நல்லது என்பது என் கட்சி. ஏன் என்றால், தரையில் சேர்க்கும்போது சுற்றிவந்து பார்க்க முடிகிறது. நாலு பக்கமும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று கண்ணால் காண முடிகிறது.

என்ஜினைக் கட்டை மேல் அசையாமல் நிறுத்துங்கள். கியர்பாக்ஸை டாப் கியரில் போடுங்கள். ஷாஃப்டின் பற்களில் மெல்லிய பூச்சாக மட்டும் கிரீஸ். அப்பினால் சுற்றும்போது பிளேட்டில் தெறிக்கும். இரண்டு பேர் கியர்பாக்ஸைத் தூக்கி நேராகப் பிடியுங்கள். மெல்ல முன்னால் கொண்டுபோங்கள். ஷாஃப்ட் பிளேட்டைத் தொடுகிறது. நிற்கிறது. அவசரப்படாதீர்கள். பின்முனை ஃபிளேஞ்சைக் கையால் கொஞ்சம் திருப்புங்கள். டாப் கியரில் இருப்பதால் முன் ஷாஃப்டும் கூடவே திரும்பும். பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் வந்ததும் கியர்பாக்ஸ் தானாக ஒரு அங்குலம் முன்னால் வழுக்கும். கையில் தெரியும் அது. அந்த உணர்ச்சியை எந்தப் புத்தகமும் சொல்லித்தர முடியாது. தூக்கிப் பிடித்த கைக்குத்தான் தெரியும்.

பிறகு மறுபடி நிற்கிறது. இன்னும் அரை அங்குலம். இரண்டையும் நேர்ப்படுத்தும் டோவல் ஊசிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. போல்ட் துளைகள் நேராக இருக்கின்றன. நீளமான போல்ட் ஒன்று கையில் இருக்கிறது. காரின் சொந்தக்காரர் வாசலில் நிற்கிறார். போல்ட்டை நுழைத்து நாலு சுற்று இறுக்கினால் தானாகச் சேர்ந்துவிடும் போலிருக்கிறது.

இறுக்கலாமா? கூடவே கூடாது!

போல்ட்டின் வேலை சேர்ந்ததைப் பிடித்து நிறுத்துவது. சேராததை இழுத்துச் சேர்ப்பது அதன் வேலை இல்லை. அரை அங்குலம் நிற்கிறது என்றால் ஏதோ ஒன்று முட்டுகிறது என்று அர்த்தம். ஷாஃப்ட் நுனி பைலட் புஷ்ஷின் விளிம்பில் முட்டியிருக்கலாம். பிளேட் நடுவில் இல்லாமல் இருக்கலாம். கியர்பாக்ஸின் வால் தொங்கிப்போயிருக்கலாம். அந்த நிலையில் போல்ட் இழுத்தால் என்ன ஆகும்? புஷ் நசுங்கும். பிளேட்டின் நடுப்பகுதி கோணும். அலுமினியக் காது இருந்தால் உடையும். ஒரு பட்டறையில் இப்படி இழுத்துப் பூட்டிய வண்டியைப் பிறகு பார்த்தேன். சேர்ந்துதான் இருந்தது, வெளியே பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் கிளட்சை மிதித்தாலும் ரிவர்ஸ் விழும்போது பல் கரகரவென்று அரைத்தது. இறக்கிப் பார்த்தால் பிளேட்டின் நடுப்பகுதி கோணி, ஃபிளைவீலை ஒரு பக்கமாக உரசிக்கொண்டிருந்தது. இழுத்தது ஐந்து நிமிடம். அதற்காக மறுபடி முழு வேலை.

கியர்பாக்ஸின் பாரத்தை ஷாஃப்டின் மேல் தொங்கவிடவும் கூடாது. கை வலித்தால் கட்டை கொடுங்கள், ஜாக்கி கொடுங்கள். ஒரு நொடி தொங்கினாலும் பிளேட்டின் நடுப்பகுதி அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. பின்வரிசைத் தம்பிகளே, தங்கைகளே, இன்று வீட்டுக்குப் போகும்போது வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: நிற்கிறதா, பின்னால் இழு, பார், ஃபிளேஞ்சைத் திருப்பு, மறுபடி விடு. சரியாக இருந்தால் அந்த அரை அங்குலமும் கையாலேயே சேரும். கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங் என்ஜின் பிளேட்டைத் தொடும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் போல்ட்.

அடுத்து ஏற்றுவது. ரேடியேட்டரை எடுத்துவிடுங்கள். பானெட்டையும் கழற்றிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிடுங்கள். இரண்டு பேர் போதும். முக்காலியில் செயின் பிளாக் தொங்க, என்ஜின் தலை நிமிர்ந்து, கியர்பாக்ஸ் வால் தாழ்ந்து இறங்க வேண்டும். வாலை வாங்கிக்கொள்ள ஒருவர் காருக்குள் இருக்க வேண்டும். சங்கிலி இழுப்பவர் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் தேர் எங்கே நிற்க வேண்டும் என்பது முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. உள்ளே இருப்பவர் ‘நில்’ என்றால் நிற்க வேண்டும். ‘ஏன்’ என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மரக்கிளையில் செயின் பிளாக் மாட்டுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். தொங்குகிற என்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகவே கூடாது.

என்ஜின் மவுண்டிங் ரப்பர் முன்னால் இரண்டு பக்கமும், பின்னால் கியர்பாக்ஸ் அடியிலும் இருக்கிறது. எண்ணெயில் ஊறி உப்பிய பழைய ரப்பரைத் திரும்பப் போடாதீர்கள். எல்லா போல்ட்டையும் தளர்வாக நுழைத்துவிட்டு, என்ஜினைக் கொஞ்சம் அசைத்துவிடுங்கள். அது தன் பாரத்தில் தானாக ரப்பர் மேல் உட்காரட்டும். உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முன்னாலேயே இறுக்கிவிட்டு மறுபக்கத்தை நெம்பிக் கொண்டுவந்தால், அந்த இழுவிசை என்றைக்கும் ரப்பரில் இருந்துகொண்டே இருக்கும். ஓடும்போது பாடி நடுங்கும். ‘பழைய கார், அப்படித்தான்’ என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வோம். அப்படித்தான் இல்லை! ஹெரால்டு நடுங்காது.

ரப்பர் என்றதும் இன்னொன்று. என்ஜின் ரப்பர் மேல் நிற்கிறது, ரப்பரில் மின்சாரம் ஓடாது. அப்படியானால் செல்ஃப் மோட்டாருக்கு வரும் அத்தனை கரண்டும் பேட்டரிக்கு எப்படித் திரும்பும்? என்ஜினிலிருந்து சேசிஸுக்கு ஒரு எர்த் பட்டை உண்டு. அது வழியாகத்தான். வேலை எல்லாம் முடிந்த மகிழ்ச்சியில் அந்தப் பட்டையை மறந்துவிடுகிறவர்கள் பலர். மறந்துவிட்டு சாவியைத் திருப்பினால் என்ன நடக்கும்? கரண்ட் வேறு வழி தேடும். எந்த வழி? கார்புரேட்டரிலிருந்து டேஷ்போர்டுக்குப் போகும் சோக் கேபிள்! அந்த மெல்லிய கம்பி அவ்வளவு கரண்டைத் தாங்குமா? சிவந்து புகையும். டேஷ்போர்டில் சோக் குமிழைத் தொட்ட விரல் சுடும். அருகில் பெட்ரோல் இருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சாவியைத் தொடும் முன் எர்த் பட்டையைத் தொட்டுப் பாருங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்டின் நாலு போல்ட், கிளட்ச் சிலிண்டரில் காற்று எடுப்பது, கேபிள்கள், குழாய்கள், இவை தெரிந்த வேலைகள், விரிவாகப் போகவில்லை. கியர்பாக்ஸ் எண்ணெய் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உள்ளே சிங்க்ரோ வளையங்கள் மஞ்சள் உலோகம். கடைக்காரர் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று ஜி.எல்.5 ரகத்தைக் கொடுப்பார். ஜி.எல்.4 என்று கேட்டு வாங்குங்கள். மற்றதில் இருக்கும் கந்தகக் கலவை அந்த வளையங்களுக்கு ஆகாது.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன், ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிவிட்டு செல்ஃபை ஓட்டுங்கள். ஆயில் விளக்கு அணையும் வரை ஓட்டுங்கள். பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு பிளக்கைப் பூட்டி, 1-3-4-2 வரிசையில் ஒயரை மாட்டி, அப்புறம் பற்றவையுங்கள்.

இதுவரை எப்படி ஏற்றுவது என்று பேசினேன். எதை ஏற்றுவது என்று பேசாமல் போனால் என் பேச்சு பாதிதான்.

‘ஐயா, 948 சி.சி., ஏறக்குறைய 35 குதிரைத்திறன். இன்றைய ரோட்டில் இது போதுமா? வேறு என்ஜின் வைத்தால் என்ன?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அம்பாசடரில் டீசல் என்ஜினை மாற்றிப் பூட்டி டாக்சி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்! அவர்களை நான் ஒரு சொல்லும் குறையாகச் சொல்ல மாட்டேன். அது வயிற்றுப்பாடு. ஆனால் அருமைக்காக வைத்திருக்கிற ஹெரால்டுக்கு, சேசிஸை அறுத்து, வேறு என்ஜின் வைப்பதை நான் எதிர்க்கிறேன். காரணத்தோடு எதிர்க்கிறேன்.

கார் என்பது என்ஜினுக்கு ஒரு கூடு மட்டும்தானா? பிரேக், ஸ்பிரிங், ஸ்டீயரிங், பின் ஆக்ஸில் எல்லாம் அந்த 35 குதிரைத்திறனுக்குக் கணக்குப் போட்டு வைக்கப்பட்டவை. ஹெரால்டின் பின் ஆக்ஸில் இரண்டு பாதியாகத் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் வகை. வளைவில் வேகமாகப் போய் ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விட்டால் பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்ளே மடங்கும். 35 குதிரைத்திறனில் அது பெரும்பாலும் அடங்கி இருக்கும். இரண்டு மடங்கு சக்தி கொடுத்தால்? மலைப்பாதையில் அந்தக் கேள்விக்கு விடை தேடக் கூடாது. பிற்பாடு வந்த கெஸல் காரில் இதே பெருங்களத்தூர்க்காரர்கள் அந்த ஆக்ஸிலை விட்டு, முழு ஆக்ஸிலுக்கு மாறியதைக் கவனியுங்கள்.

என்ஜினும் காரும் பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஆலையே சாட்சி. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை வெளியிட்டார்கள். உருவம் யாருடையது? இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு பெற்ற வண்டி. அங்கே அதற்குள் 3.5 லிட்டர் வி8 என்ஜின் இருந்தது. இங்கே? வேன்கார்டு குடும்பத்தில் பிறந்த பழைய 1991 சி.சி. நாலு சிலிண்டர் என்ஜினை, நாலு கியரோடு வைத்தார்கள். அழகான உடம்பு, இழுக்கத் திணறும் என்ஜின். விலையோ அதிகம். சில ஆண்டுகளிலேயே அந்தக் கார் நின்றது. அதோடு சென்னையில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் கார் செய்வதும் நின்றது. அந்தத் தோல்விக்கு என்ஜின் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டிப் பார்த்தவர்கள் முதலில் சொன்ன குறை அதுதான். பெரிய காருக்குச் சிறிய என்ஜின் பொருந்தவில்லை. சிறிய காருக்குப் பெரிய என்ஜின் மட்டும் எப்படிப் பொருந்தும்?

சட்டமும் இதைப் பார்க்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண்ணோடு என்ஜின் எண்ணும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, இப்படி மாற்றுவதற்கு அனுமதி கேட்கச் சொல்கிறது. 2021-இல் வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய கார், ‘வி.ஏ.’ எழுத்து கொண்ட தனி எண், 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டுப் பதிவு. ஹெரால்டு 1970-களின் தொடக்கத்தில் நின்றுபோன கார். ஆகவே இன்று தெருவில் இருக்கும் ஹெரால்டுகள் வயதால் தகுதி பெற்றவை. ஆனால் விதி இன்னொன்றும் கேட்கிறது: மூல வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். சேசிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்த கார் அந்த எண்ணைக் கேட்க முடியாது.

‘சாமான் கிடைக்காதே’ என்பார்கள். உண்மையாகத் தேடினீர்களா? இதே என்ஜின் குடும்பம் வளர்ந்து 1493 சி.சி. வரை போய், டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் 1980 வரை ஓடியது. அதனால் இங்கிலாந்தில் இன்றும் இதன் பாகங்களைச் செய்கிறார்கள். இங்கே சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பொறுமையோடு நடந்தால் வால்வு, டைமிங் செயின், கார்புரேட்டர் பாகம் என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும். நல்ல லேத்துக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் புஷ்ஷும் ஷாஃப்டும் கடைந்து தருவார்.

அப்படியும் வேறு என்ஜின்தான் வைப்பேன் என்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சேசிஸை அறுக்காதீர்கள். அடாப்டர் பிளேட் செய்து, இருக்கிற துளைகளிலேயே பூட்டுங்கள். கழற்றிய என்ஜினைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். இருபது வருடம் கழித்து உங்கள் மகளோ பேரனோ அதைத் தேடுவார்கள். பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விடுங்கள். பிளக்கை மூடுங்கள். சம்ப் தரையில் படாமல் கட்டை மேல் நிறுத்துங்கள். வாட்டர் பம்ப், மேனிஃபோல்டு வாய்களைத் துணி திணிக்காமல் தகடு வைத்து மூடுங்கள். துணியில் எலி வரும். மாதம் ஒருமுறை புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கிராங்கைக் கால் சுற்று திருப்புங்கள். கியர்பாக்ஸில் எண்ணெய் நிறைந்திருக்கட்டும். ஒரு தகரத்தில் காரின் பதிவு எண்ணையும் என்ஜின் எண்ணையும் பொறித்து, கம்பியால் அதிலேயே கட்டிவிடுங்கள்.

பெருங்களத்தூர் ஆலை இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. அங்கே அசெம்பிளி லைனில் நின்று இந்த என்ஜின்களை ஏற்றிய கைகள் சில இன்னும் தாம்பரத்திலும் ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கும் என்று நம்புகிறேன். இந்த அவையில் அப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து எழுந்து நில்லுங்கள் ஐயா. பேச்சு முடிந்ததும் இந்த மாணவர்கள் உங்களிடம் வருவார்கள். பெல் ஹவுசிங் சேர்வதற்கு முன் கையில் என்ன தெரியும் என்று அவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். பக்கத்து ஷெட்டில் ஒரு என்ஜினும் கியர்பாக்ஸும் கட்டை மேல் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. டம்மி ஷாஃப்ட் ஆணியில் தொங்குகிறது. யார் முதலில் தூக்குகிறீர்கள்?